பாவாத்தாளின் பிரேக்

1993 ஏப்ரல் 18, பீளமேடு. லேத் பட்டறை வைத்திருந்த நாச்சிமுத்து, வீட்டுக் கொட்டகையில் தானே கட்டிய காரை முதன்முறையாகத் தெருவில் ஓட்டினார். பக்கத்தில் மனைவி பாவாத்தாள். முக்குத் திரும்புவதற்குள் அவள் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடி, தரைத்தகட்டை மிதித்துக்கொண்டே இருந்தது. வீடு திரும்பியதும் இறங்கிவிட்டாள்.

“எனக்கும் ஒரு பிரேக்கு இருந்தாத்தானுங்க நான் தாராபுரம் வருவேன். இல்லாட்டி நீங்க மட்டும் போயிட்டு வாங்க.”

தாராபுரம் அவள் தாய்வீடு. இந்தக் காரைத் தகர டப்பா என்று கேலி பேசிய மச்சான்கள் முன்னால் அவள் இல்லாமல் போய் இறங்க அவருக்கு மனமில்லை. தன் பிரேக் மிதியிலிருந்து குறுக்கே கம்பி கொடுத்து, அவள் பக்கமும் ஒரு மிதி பொருத்தினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து காலை நீட்டினாள்.

“இன்னுங் கொஞ்சம் கிட்ட.”

நட்டைத் திருகினார்.

“ஐயோ, அவ்வளவு வேண்டாங்க.”

தளர்த்தினார்.

“நெசமாலுமே பிடிக்குமா, இல்ல என்னைய ஏமாத்தறீங்களா?”

“ஓட்டறேன். மிதிச்சுப் பாரு புள்ள.”

மிதித்தாள். வண்டி அப்படியே நின்றது. நாச்சிமுத்துவின் நெற்றி முன்கண்ணாடியில் இடித்தது. அவர்தான் முதலில் சிரித்தார்; அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

மறுநாள் தாராபுரம் புறப்பட்டார்கள். பல்லடம் வருவதற்குள் பாவாத்தாள் இரண்டு கால்களையும் இருக்கைமேல் மடக்கிக்கொண்டு தூங்கிவிட்டாள்.