புருவப் பள்ளம்

கட்டைவிரல் இடம் தேடவில்லை. அதற்கு இடம் தெரியும்.

இடது புருவத்துக்கு அடியில், எலும்பின் விளிம்பில், மூக்குப் பக்கமாக ஒரு சின்னப் பள்ளம். நகக்கண் அளவுதான். கண்குழியிலிருந்து ஒரு நரம்பு அந்த வழியாக வெளியே வந்து நெற்றிக்கு ஏறுகிறது. அங்கே அதைக் காக்கத் தோலைத் தவிர ஒன்றுமில்லை.

அவன் அங்கே அழுத்தினான்.

அவள் பின்தலை பீரோவில் முட்டி நின்றது.

காயம் வராது. வீங்காது. அவனுக்கு அளவு தெரியும்.

அவன் இடது கையில் அவளுடைய பணி ஆணை இருந்தது. நான்காக மடித்தது. தேனியில் வேலை, மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் சொல்லித்தருவது. இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

"போகலன்னு சொல்லு."

அவள் பார்வை அந்தத் தாளில் நின்றது.

மூளையோடு சேர்கிற பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் ஐந்தாவதில் போகிறது வலி. நெற்றியிலிருந்து கண்ணுக்கு மேலாகப் பின்னால் ஓடி, மூளைத்தண்டுக்கு. அதை அவளால் நிறுத்த முடியாது. முகத்தைச் சுளிக்க வைப்பது ஏழாம் நரம்பு. அதை நிறுத்தலாம். நான்கு வருடங்களில் பழகிக்கொண்டாள்.

கண்ணீரும் ஏழாவதுதான். அது மட்டும் பேச்சைக் கேட்பதில்லை.

அவள் பயிற்சி மருத்துவராக இருந்தபோது அவன் அதே வார்டில் முதுநிலை மாணவன். நினைவிழந்து கிடந்த ஒருவரின் புருவத்தில் அழுத்திக் காட்டினான். "கூப்பிட்டா முழிக்காதவன் இதுக்கு முழிப்பான்." பிறகு திரும்பி, விளையாட்டாக, அவள் புருவத்தில். அவள் அலறினாள். கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "இந்தப் பேஷன்ட டிஸ்சார்ஜ் பண்ணிரலாம் சார்," என்றான் ஒருவன். அவளும் சிரித்தாள்.

அன்று அவன் அவளுக்குக் காபி வாங்கிக்கொடுத்தான்.

வார்டில் இதற்கு மதிப்பெண் உண்டு. அழுத்துகிற விரலைத் தேடி நோயாளியின் கை மேலே எழுந்தால் ஐந்து. வெறுமனே விலகிக்கொண்டால் நான்கு. அசைவே இல்லையென்றால் ஒன்று. ஐந்து நான்காக இறங்கினாலே அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து ஓடுவான். மூளைக்குள் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

கல்யாணமான முதல் வருடம் அவள் அவன் கையைப் பிடித்துத் தள்ளினாள். அடுத்த வருடம் தலையை மட்டும் திருப்பினாள். போன வருடம் முழுக்க அசையவே இல்லை.

"இப்பதான் ஒரு பொண்டாட்டி மாதிரி இருக்க," என்றான் ஒருநாள்.

ஐந்து ஒன்றாக இறங்கியது அவனுக்கு, அதுவும் அவனுக்கு, தெரியவில்லை.

"சிந்துஜா. உன்னத்தான். சொல்லு."

விரல் இன்னும் இறங்கியது. இடது கண்ணுக்குள் எல்லாம் வெள்ளையானது. வலது கண்ணால் தன் வலது கையைப் பார்த்தாள். பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் லேசாக வளைந்திருந்தன. இரும்பு மேசையில் கிடத்திய கைகளை அவள் நிறைய அறுத்திருக்கிறாள். அவை எதுவும் இவ்வளவு சாதுவாக இருந்ததில்லை.

எழு என்று அவள் நினைக்கவில்லை. எழுமா என்றுதான் நினைத்தாள்.

எழுந்தது.

இடுப்பைத் தாண்டியது. காறை எலும்பைத் தாண்டியது. அவன் மணிக்கட்டைப் பிடிக்கப்போகிறது என்று நினைத்தாள். அவனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்; முழங்கையை இறுக்கிக்கொண்டான்.

கை அங்கே நிற்கவில்லை. அவன் கன்னத்தைத் தொட்டு, மூக்குக்கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு மேலே போனது.

அவனுக்கும் எலும்பு அதே இடத்தில்தான் குழிந்திருந்தது.

அழுத்தினாள்.

அவன் வாயிலிருந்து வந்தது சொல் அல்ல. கண்ணாடி தரையில் விழுந்தது. அவன் விரல் அவள் புருவத்திலிருந்து வழுக்கியது. அவன் பின்னால் போனான். அவளும் கூடவே போனாள். முழங்கால் மடிந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். வலது கை மெத்தையைப் பற்றிக்கொண்டது.

எலும்பின் மேல் நரம்பு உருளுவது விரலுக்குத் தெரிந்தது. நூல் மாதிரி. பிணங்களில் அதைத் தொட்டிருக்கிறாள். உயிருள்ள ஒன்றைத் தொடுவது இதுதான் முதல் தடவை.

ஹாலில் டிவியின் சத்தம் குறைந்தது. அவன் அம்மா கேட்டாள்.

"என்னடா அங்க சத்தம்?"

அவன் இடது கண் மூடியிருந்தது. வலது கண் அவளையே பார்த்தது.

"ஒண்ணுமில்லம்மா. கால இடிச்சுக்கிட்டேன்."

"கண்ணு எங்க இருக்கு உனக்கு? பாத்து நடக்க மாட்டியா?"

டிவியின் சத்தம் மறுபடியும் ஏறியது.

இவ்வளவு கொஞ்சம் பலம் போதும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. பல்லைக் கடிக்க வேண்டியதில்லை. மூச்சு வாங்கவில்லை. கோபம்கூட வேண்டியிருக்கவில்லை.

இத்தனை வருடமும் அவள் அவனுடைய கோபத்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தாள்.

அவன் இடது கை அவள் விரலைத் தேடி மேலே வந்தது. வருவதற்கு அது விரிய வேண்டியிருந்தது. பணி ஆணை தரையில் விழுந்தது.

அவள் விரலை எடுக்கவில்லை. காலை நீட்டி, பாதத்தால் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பிறகும் விரலை எடுக்கவில்லை.