உப்பளத்தில் ஓர் அறை

உப்பளத்துப் பெண்களுக்கு ஏன் சிறுநீரகம் சீக்கிரம் கெடுகிறது என்று ஆராய வந்த மருத்துவக் கல்லூரி மாணவி ஹெப்சிபா, ஆளுக்கொரு கேன் கொடுத்து, ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரை அதில் சேர்த்துத் தரச் சொல்லியிருந்தாள். மறுநாள் எல்லாக் கேன்களும் கழுத்து வரை நிறைந்து வரப்பில் மினுங்கின. இந்த வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இவ்வளவு போகவே போகாது.

"நெசமா இது ஒங்களோடதுதானா?"

"கொறஞ்சா ஒங்கள காலேஜ்ல ஏசுவாவள்லா டாக்டரம்மா," என்றாள் பேச்சிக்கனி. "அதான் எங்க வீட்டு ஆம்பளையளும் கொஞ்சம் ஒத்தாச பண்ணுனாவ."

"அப்ப நீங்க?"

"இங்க ஒதுங்க மறைவு ஏது? அதுக்காவவே வேலை முடியுற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டோம்."

ஆண்கள் செய்த ஒத்தாசையை நினைத்து ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்க, அவள் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததும் முட்டியது. சுற்றிலும் வெள்ளை வெட்டவெளி. அவள் முகத்தைப் பார்த்த பேச்சிக்கனி ஒரு குரல் கொடுத்தாள். பெண்கள் ஓடிவந்து, அவளுக்கு முதுகு காட்டி வட்டமாக நின்று, முந்தானைகளை விரித்துப் பிடித்தார்கள். உப்பின் நடுவே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஓர் அறை காற்றில் படபடத்தது.

வெளியே வந்ததும் ஹெப்சிபா தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து பேச்சிக்கனியிடம் நீட்டி, வயிறு முட்டக் குடிக்கச் சொன்னாள். பிறகு வட்டத்தில் பேச்சிக்கனி நின்றிருந்த இடத்துக்குத் தானே போய், துப்பட்டாவை இரு கைகளாலும் விரித்துக்கொண்டு முதுகு காட்டி நின்றாள்.

"அடுத்து யாரு?"