வலது தோள்

“ஊதுப்பா” என்றார் டாக்டர்.

கண்டக்டர் விருத்தாசலம் டாக்டரின் மூக்குக்கு நேராக ஊதினார். ஒரு பக்கம் ஏட்டு சீனுவாசன், இன்னொரு பக்கம் மனைவி அம்சவள்ளி. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் அன்று நல்ல கூட்டம். பாதிப் பேர் வைத்தியத்தை மறந்துவிட்டு இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குடித்தால் ஜெயில் என்று சட்டம் இருந்த காலம். ஜெயிலுக்குப் போன கண்டக்டரை எந்த பஸ் முதலாளியும் திரும்பச் சேர்க்கமாட்டார்.

காலையில் விழுப்புரத்திலிருந்து வந்த பஸ்ஸில் விருத்தாசலம் ‘கூட்டேரிப்பட்டு’ என்று கத்தியது யாருக்கும் புரியவில்லை. அங்கே இறங்கவேண்டிய ஒரு பெரிய மனிதர் திண்டிவனம் வரை வந்துவிட்டார். வந்தவர் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், கண்டக்டர் குடித்திருக்கிறான் என்று சொல்லிவிட்டார்.

சேதி வந்தபோது அம்சவள்ளி அதிசயப்படவில்லை. நாலு மாதமாக அவளுக்கும் அதே சந்தேகம். நாக்கு குழறுகிறது. நடை தள்ளாடுகிறது. ஒரு டிக்கெட்டைக் கிழிக்க விரல்கள் மல்லுக்கட்டுகின்றன. சாயங்காலம் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி வாயை மோந்து பார்ப்பாள். வெற்றிலைதான் மணக்கும். வாடை தெரியாமல் குடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார், கில்லாடி, என்று நினைத்துக்கொள்வாள். இரண்டு நாள் சோறு போடாமல்கூட இருந்து பார்த்தாள். மயிலம் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினார். அதையும் அவள் நம்பவில்லை.

“குடிக்கல” என்றார் டாக்டர்.

அம்சவள்ளிக்குப் போன உயிர் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

சீட்டு எழுத உட்கார்ந்த டாக்டர் என்ன நினைத்தாரோ, நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டிய நாக்கு சும்மா இல்லை, நெளிந்துகொண்டே இருந்தது. கையைப் பிடித்துத் திருப்பினார். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது.

“உடம்புல எங்கயாச்சும் துடிக்குதா?”

“வலது தோளு சார். மூணு மாசமா துடிச்சிக்கினே இருக்குது. ஆம்பளைக்கு வலது பக்கம் துடிச்சா நல்லதுதானுங்களே?”

டாக்டர் குடிக்கவில்லை என்று சீட்டை எழுதிக் கொடுத்து அவரை ஏட்டோடு வெளியே அனுப்பினார். அம்சவள்ளியை மட்டும் இருக்கச் சொன்னார்.

சதையை ஆட்டிவைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன, தோள் துடிப்பதும் அதனால்தான் என்றார். கை போகும், கால் போகும், பேச்சு போகும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு. இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று. புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். மெட்ராஸுக்கே போனாலும் மருந்து கிடையாது. பஸ் வரும் நேரம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தவர், முடிக்கும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“குடியா இருந்தா நிறுத்திடலாம்மா.”

வெளியே வேப்பமரத்தடியில் விருத்தாசலம் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஏட்டு போய்விட்டிருந்தார். கேஸ் இல்லை. முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

“பாத்தியா, தோளு சும்மா துடிக்கல.”

“ஆமாங்க” என்றாள்.

பிறகு கிட்டே போய், தினமும் வாசலில் செய்வதுபோல அவர் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள்.

டாக்டரே எழுதிக் கொடுத்தும் இவள் நம்பவில்லையே என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. நன்றாக ஊதினார்.

ஒரு பொட்டு சாராய வாடையாவது வராதா என்று அம்சவள்ளி மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

வெற்றிலைதான் மணந்தது.