மலைக்கு அந்தப் பக்கம்

மலையுச்சியில் நிற்கும் ரேடியோ ரிப்பீட்டர் யார் குரலையும் வாங்கி ஒரே பலத்தில் திருப்பி அனுப்பும். பேசுகிறவன் பக்கத்தில் இருக்கிறானா, பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறானா என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. அப்பாவை அடக்கம் செய்த அன்று கைகலப்பாகிப் பிரிந்த அண்ணனும் தம்பியும், வெகுகாலத்துக்குப் பிறகு வண்டியிலிருக்கும் ஹாம் ரேடியோவில் மழையையும் சாலையையும் பற்றி மட்டும் பேசத் தொடங்கி, இன்று இந்த வளைவு டீக்கடையில் சந்திப்பதாக முடிவு செய்திருந்தார்கள். அண்ணன் வேதமுத்து ஜீப்பில் காத்திருந்தார். "அண்ணே, நான் இன்னும் மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கேன்" என்று ரேடியோவில் தொடங்கினான் தம்பி ஞானராஜ். "ஒரே பனி. இன்னைக்கு வர முடியாதுபோல. நீங்க கிளம்புங்க." அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே, பழக்கதோஷத்தில் வேதமுத்துவின் விரல் ரேடியோவின் ரிவர்ஸ் பொத்தானை அழுத்தியிருந்தது. அதை அழுத்தினால் ரிப்பீட்டர் விலகிக்கொள்ளும். எதிராளியின் வண்டியிலிருந்து நேராக வருவது மட்டும்தான் கேட்கும். மலை குறுக்கே இருந்தால் ஒன்றும் கேட்காது. "கேக்குதா அண்ணே?" என்ற குரல் காதோடு பேசுவதுபோல் வந்தது. வேதமுத்து கண்ணாடியைப் பார்த்தார். பின்னால், பனிக்குள், விளக்கை அணைத்துவிட்டு ஒரு வெள்ளைக் கார் நின்றது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை. இறங்கிப்போய் இரண்டு டீ வாங்கிவந்து, ஒன்றைப் பக்கத்து இருக்கையின் முன்னால் வைத்தார். தன் குரலும் நேராகவே போகட்டும் என்று ரிவர்ஸை எடுக்காமலே மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"தம்பி, டீ ஆறுது."