புகைபோக்கிச் சுவரின் கடைசிக் கல்

மாலை வகுப்பில் பழைய பண்ணைவீடுகளை அளந்து வரைகிறோம். இன்று இங்கிலாந்தின் சஃபோக்கில் திர்சா ஆல்டஸ் அம்மாளின் வீடு. புகைபோக்கி வருவதற்கு முந்தைய அடுப்புப் புகையில் கூடத்து உத்தரங்கள் இன்னும் கறுத்திருக்கின்றன. நானூறு வருடம் முன்பு கட்டிய புகைபோக்கிச் சுவரை இன்றுதான் முதன்முறையாகத் திறந்தோம்.

உள்ளே ஒரு தோல் ஷூ இருந்தது. கெட்டது அண்டாமலிருக்க அந்தக் காலத்தில் இப்படிச் சுவருக்குள் வைப்பார்கள். எடுத்தால் திரும்ப வைத்துவிட வேண்டும். பக்கத்தில் ஒரு சிவப்பு ரப்பர் பூட்ஸ், குழந்தையுடையது, இடது கால். இரண்டின் மேலும் ஒரே தடிமனில் கரி படிந்திருந்தது. நான் தப்பாக அளப்பவன் என்பதால் மூன்று முறை அளந்தேன்.

“அப்பவே ரப்பர் வந்துடுச்சா?” என்று ஆசிரியர் டென்னிஸ் சிரித்தார்.

திர்சா சிரிக்கவில்லை. அவர் மகன் வில்ஃப் மூன்று வருடம் முன்பு பின்பக்கக் குளத்தில் மூழ்கினான். தூக்கியபோது ஒரு காலில்தான் பூட்ஸ் இருந்தது. குளத்தை இறைத்தும் மற்றது கிடைக்கவில்லை.

திர்சா அந்தச் சிவப்பு பூட்ஸுக்குள் கைவிட்டுப் பார்த்தார். “இன்னும் ஈரமா இருக்கு.”

பிறகு வாசற்கதவருகே வைத்திருந்த வலது பூட்ஸை எடுத்து வந்து ஜோடி சேர்த்தார். மூன்றையும் உள்ளே வைத்து நான் செங்கல் அடுக்கினேன்.

“கடைசிக் கல்லுக்குச் சாந்து வேணாம், தம்பி,” என்றார். “உள்ளேருந்து தள்ள அவனுக்குப் பலம் பத்தாது.”