கலர் இல்லாத படம்

"அலமாக்! என்னடா பண்ணி வச்சிருக்க?"

குறும்படப் போட்டித் திரையில் தங்கள் படம் ஓடத் தொடங்கியதுமே நிரஞ்சனுக்குத் தலை சுற்றியது. முழுக்க முழுக்கக் கறுப்பு வெள்ளை!

மாசாய் ஊர் ஃப்ளாட்டில் மூன்று வாரம் மாலை வெயிலுக்காகக் காத்துக் கிடந்து அவன் கேமராவில் பிடித்த படம். சுவரெல்லாம் தங்கம் பூசினாற்போல் இறங்கிய அந்த வெளிச்சம் எங்கே போனது?

பக்கத்தில் இருந்த நண்பன் டாரில் திரும்பிப் பார்க்கவே இல்லை. சிங்கப்பூர் ஸ்டூடியோவில் படங்களுக்குக் கலர் சேர்ப்பதுதான் அவன் வேலை. போன வருஷம் இதே ஜொகூர் பாரு மண்டபத்தில் இருவருக்கும் முதல் பரிசு வாங்கித் தந்ததும் அவன் சேர்த்த கலர்தான்.

இந்தத் தடவை ஆறுதல் பரிசு.

"ஃப்ரேம் ஒவ்வொண்ணும் அருமை. கலர் மட்டும் இருந்திருந்தா கதையே வேற" என்றார் நடுவர்.

வெளியே வந்ததும் நிரஞ்சன் வெடித்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா ஒத்துக்க மாட்டே."

"எவன்தான் ஒத்துக்குவான்? ஸ்டைல் காட்டணும்னா உன் சொந்தப் படத்துல காட்டு லா. இனிமே உன்கூட வேலையே கிடையாது!"

"சாரிடா." அவ்வளவுதான். டாரில் காரை எடுக்கப் போய்விட்டான்.

டாரிலின் அப்பா பிரெட்ரிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நிரஞ்சனின் கையைப் பிடித்தார்.

"அந்தப் பையன ஓரத்துல நிக்க வச்சு, மிச்சத்துல வெறும் சுவரக் காட்டுனியே தம்பி. அவனுக்கு யாருமில்லன்னு ஒருத்தரும் சொல்லாமலே விளங்கிருச்சு."

"தேங்க்ஸ் அங்கிள். கலர்ல பாத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

"போன வருஷம் கலர்லதானே பாத்தேன்?" பிரெட்ரிக் சிரித்தார். "அந்தப் படத்துல பச்சைச் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு அம்மா சிவப்புச் சேலையில வருவாங்களாமே. மண்டபமே கை தட்டுச்சு. எதுக்குத் தட்டுறாங்கன்னு டாரில்கிட்ட கேட்டேன். அவன் முகமே செத்துப்போச்சு."

"ஏன் அங்கிள், நீங்க பாக்கலியா?"

"சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான் தம்பி, பொறந்ததுலேர்ந்தே. பாசிர் கூடாங்ல வயரிங் வேலைக்குப் போனப்பதான் தெரிஞ்சுது. வேணாம்னு அனுப்பிட்டாங்க. வீட்டுல வாயே தொறக்கல. மகனும் கலர் வேலைக்கே போயிட்டான், அப்புறம் எப்படிச் சொல்ல?"

நிரஞ்சன் டாரில் கார் எடுக்கப் போன பக்கம் திரும்பிப் பார்த்தான்.

பிரெட்ரிக் குரலைத் தாழ்த்தினார். "இந்த வருஷம் எதுக்கோ கலர எடுத்துட்டீங்க. மண்டபத்துல எல்லாரும் பாத்த அதே படத்த, மொத மொதலா நானும் பாத்தேன்."