சவரக் கத்தியில் துரு

"முப்பது வருஷமா துருன்னா என்னன்னு தெரியாத கத்தி. உங்ககிட்ட தீட்டக் குடுத்து ஒரே மாசம், இப்படி ஆயிடுச்சு. என்ன பதில் சொல்றீங்க?"

ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் அவர் குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் நின்ற தோரணையைப் பார்த்து, சாணைக் கடை பெஞ்சில் காத்திருந்த இருவரும் தங்களை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சாணைக்காரருக்குச் சுருக்கென்றது. அந்த இருவரும் சலூன்காரர்கள். இவரிடம் கத்தி கொடுத்தால் கெட்டுவிடும் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், சாயங்காலத்துக்குள் எல்லா சலூனுக்கும் பரவிவிடும். அப்புறம் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"கத்தியக் காட்டுங்க சார்."

கூட வந்திருந்த ஹெட்மாஸ்டரின் மனைவி கைப்பையிலிருந்து எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். சாணைக்காரர் மடிப்பை விரித்தார். அலகு முழுக்கப் பழுப்புப் புள்ளிகள்.

"ஈரத்தோட மடிச்சிருக்கீங்க."

"நானா? சவரம் முடிஞ்சதும் இவகிட்ட குடுத்துடுவேன். துடைச்சு, எண்ணெய் தடவி வைக்கறது இவ பொறுப்பு. நீங்க சொன்னத ஒண்ணு விடாம எழுதிட்டு வந்தாளே! இன்னிக்கு வரைக்கும் என் முகத்துல அடுத்தவன் கை பட்டதில்ல, தெரியுமா? எல்லாம் இந்தக் கத்திதான்."

சாணைக்காரருக்கு ஞாபகம் வந்தது. போன மாதம் அந்த அம்மா தாளும் பேனாவுமாக நின்று கேட்டார். இவரும் அடுக்கினார்: ஈரத்தோடு மடிக்கக் கூடாது, அலகை விரலால் தொடக் கூடாது, தோல் உறையில் அடைக்கக் கூடாது, குளியலறையில் வைக்கவே கூடாது.

"கத்திக்கு எதுங்க ரொம்ப மோசம்?" என்றுகூடக் கேட்டார் அந்த அம்மா.

"உப்புத் தண்ணிம்மா. ஒரே நாள்ல கதைய முடிச்சிடும்."

இப்போது கத்தியை வெளிச்சத்தில் பிடித்தார். மடிப்பு ஆணியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அலகின் நடுவில் ஒரு சின்னக் கட்டைவிரல் ரேகை, அச்சு எடுத்ததுபோலத் துருவாகியிருந்தது. தோல் வாடை வேறு. அவர் சொன்ன அத்தனை 'கூடாது'களும் அங்கே இருந்தன.

தெரியாமல் நடந்ததில்லை. வேண்டுமென்றே செய்த வேலை. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தியை மேஜைமேல் வைத்தார். என் பிழைப்பில் மண் அள்ளிப் போட இந்த அம்மாவுக்கு நான் என்ன பாவம் செய்தேன்?

"சார், தப்பு யார் மேலன்னு உங்க வீட்டு அம்மாவையே கேளுங்க..."

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. 'வேண்டாம்' என்பதுபோல் தலை லேசாக அசைந்தது.

"செய்யறதயும் செஞ்சுட்டு இவ மேல பழி போடறீங்களா? குடுங்க இப்படி! வேற கடையில தீட்டிக்கறேன்!"

ஹெட்மாஸ்டர் முதல் தடவையாகக் கைகளை முன்னால் கொண்டுவந்து கத்தியை எடுத்தார்.

கத்தி மேஜைக் கண்ணாடியில் கடகடவென்று தட்டியது. நடுங்கிய வலது கையை இடது கையால் பிடித்தார். அதுவும் நடுங்கியது. அவர் குனிந்தபோது, சட்டைக் காலருக்குள் கழுத்தில் இரண்டு பிளாஸ்திரி தெரிந்தது.

சாணைக்காரர் சலூன்காரர்கள் இருவரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர்கள் காதிலும் விழும்படி சத்தமாகவே சொன்னார்:

"மன்னிச்சுக்குங்க சார், தப்பு என்னோடதுதான். தீட்டும்போது சூடேத்தி இரும்பையே கெடுத்துட்டேன். இனிமே எந்தக் கடைக்குப் போனாலும் இது முகத்துல வைக்க ஆகாது."